எழுதும் கையும் திருத்தும் கண்ணும்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் கூறுவதை நம்மில் அறியாதார் இலர். திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம்மவர் கூடும் விழா எதுவாயினும், மேடையேறும் பேச்சாளர் அதனைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆயின் அதே பாயிரம் சொல்லும் மற்றொரு செய்தியை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. தொல்காப்பியனார் தம் நூலை எழுதி முடித்தவுடன் உலகுக்கு அளித்துவிடவில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் புலவர் முன்னிலையில் அதனை விரித்துரைத்து, ஐயங்களைக் களைந்து, அதன் பின்னரே வெளியிட்டார் என்பதே அச்செய்தி. நம் கைக்குக் கிடைத்த பழந்தமிழ் நூலின் முகப்பிலேயே, எழுதியதைப் பிறர் காதில் இட்டுச் சரிபார்க்கும் வழக்கம் பேசப்படுகிறது. வேங்கடத்தின் அடிவாரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இவ்விரண்டாவது செய்தியை நினைவிற் கொள்ள வேண்டிய தேவை இன்று மிகுந்திருக்கிறது.

நம் இல்லங்களின் நிலையைச் சற்றே நோக்குவோம். சித்தூர் 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழ் இன்றும் தெருவில் கேட்கும் மொழி. இவ்வூர்களில் வழிவழியாக வாழ்பவரும் உளர்; வேலை, வணிகம், கோயிற்பணி, கல்லூரிப் படிப்பு ஆகியவற்றை முன்னிட்டு வேலூர், சென்னை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவரும் உளர். எல்லைப்புற ஊர்கள் சிலவற்றில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956ஆம் ஆண்டிலிருந்தே கூறி வருகிறது. ஆயினும் நகரங்களில் குடியேறிய குடும்பங்களிற் பெரும்பாலாரின் பிள்ளைகள் தெலுங்கையும் ஆங்கிலத்தையுமே பள்ளியிற் கற்கின்றனர். அவர்கள் தமிழில் தடையின்றிப் பேசுகின்றனர். சிலர் சுவரொட்டியையும் திரைப்படத் தலைப்பையும் எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர். எழுதச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடுகிறது. ஒரு மொழி குடும்பத்தை விட்டுப் போகும்போது முதலிற் போவது எழுத்து. அடுத்துப் போவது வாசிப்பு. பேச்சு கடைசியிற் போகிறது. ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத இயலாத பேரன், நாளை அப்பாட்டி விட்டுச்சென்ற கடிதங்களையும் படிக்க இயலாதவனாவான்.

இதனை உணர்ந்த பெற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையை அமர்த்தி எழுதச் சொல்கின்றனர். அவன் எழுதுகிறான். தந்தை சிவப்பு மைப் பேனாவை எடுக்கிறார். பத்து வரியில் இருபது சுழிகள் விழுகின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. இக்காட்சி நம்மிற் பலர் வீட்டில் நிகழ்வதே.

அந்த இருபது சுழிகளையும் பொறுமையாக ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றிற் பெரும்பாலானவை அறியாமையால் விளைந்தவை அல்ல. பிள்ளை வேறொரு மொழியின் இலக்கணத்தை நன்கு கற்றமையால் விளைந்தவை. இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. வல்லின றகரம் பழைய நூல்களோடு நின்றுவிட்டது. நகரமும் னகரமும் அங்கே ஒரே எழுத்து. ஆதலின் ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும், ‘மறந்தேன்’ என்பதை ‘மரன்தேன்’ என்றும் அவன் எழுதுவது அவன் காது கேட்டபடி எழுதுவதேயாகும். தெலுங்கில் க என்னும் எழுத்தின் இனமாக நான்கு எழுத்துகளைக் கற்றவன், தமிழில் ஒன்றே ஒன்றைக் கண்டு, ‘கங்கை’ என்னும் சொல்லில் இரு ககரங்களும் எவ்வாறு ஒலிக்கும் என்று திகைக்கிறான். அது நியாயமான திகைப்பு.

இதனினும் நுட்பமானது திணைபாற் பிழை. தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுற்று ஒன்றே. தாய் வந்தாலும் பசு வந்தாலும் முடிபு ஒரே வகையாகவே அமையும். அப்பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை ‘அம்மா வந்தது’ என்று எழுதிவிடுகிறான். தாய் மனம் நோகிறாள். அவனோ தெலுங்கு வகுப்பில் முதன்மதிப்பெண் பெற்றவனாக இருக்கக்கூடும்! சொற்பொருளிலும் இத்தகைய குழிகள் உண்டு. தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை, தமிழில் விரைவு. தெலுங்கில் ‘அனுமானம்’ என்றால் ஐயம், தமிழில் உய்த்துணர்தல். ‘எனக்குப் புதுச் செருப்பு அவசரம்’ என்று பேரன் எழுதிய கடிதத்தைப் படிக்கும் பாட்டி, பிள்ளை வெறுங்காலோடு திரிகிறான் போலும் என்று பதறிப் பணம் அனுப்பினால் வியப்பதற்கில்லை.

இன்னொரு வேறுபாடு நம்மவர் கருத்திற் படாதது. தெலுங்கு நாட்டில் கிடுகு ராமமூர்த்தி என்னும் அறிஞர் (1863–1940) பேச்சு வழக்கிற்கு நெருங்கிய உரைநடையே பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்று இடைவிடாது போராடினார். அவர் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாளை ஆந்திர மக்கள் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகின்றனர். அப்போராட்டத்தின் பயனாகத் தெலுங்கில் எழுதும் மொழி பேசும் மொழியை வெகுவாக நெருங்கி வந்துவிட்டது. தமிழிலோ எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இன்றளவும் இரண்டாகவே நிற்கின்றன. ‘வீட்டில் வந்தாங்க என்று சொல்கிறோம்; ஏட்டில் ஏன் வந்தார்கள் என்று எழுதச் சொல்கிறீர்கள்?’ என்று நம் பிள்ளை வினவினால் அதனை அடங்காமை என்று கொள்ளலாகாது. அவன் பள்ளியிற் கண்ட உலகம் வேறு. அவ்வேறுபாட்டை ஒருமுறை அமைதியாக எடுத்துரைத்தாற் போதும். பிள்ளைகள் விரைவிற் புரிந்துகொள்வர்.

இனி, திருத்தம் என்றால் என்ன என்பதற்கு வருவோம். நாம் திருத்தம் என்று சொல்லும்போது எழுத்துப்பிழை நீக்குவதையே கருதுகிறோம். அது திருத்தத்தின் கடைசிப் படி. முதற்படி, சொல்ல வந்த செய்தி வந்துவிட்டதா என்று பார்ப்பது. அமெரிக்க நாட்டில் நான்சி சாமர்ஸ் என்னும் ஆசிரியை 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்கள் திருத்தும் முறையையும், எழுத்துத் தொழிலில் பழுத்தவர்கள் திருத்தும் முறையையும் ஒப்பிட்டார். மாணவர்கள் ஒரு சொல்லை எடுத்து வேறு சொல்லை வைப்பதையே திருத்தம் எனக் கருதினர். பழுத்தவர்களோ தாம் சொல்ல வந்தது என்ன என்பதையே மறுபடி தேடினர்; முழுப் பத்திகளை எடுத்தெறிந்தனர்; முடிவை முதலுக்குக் கொணர்ந்தனர். நம் சிவப்பு மைப் பேனா பிள்ளைக்குக் கற்பிப்பது முதல் வகையை மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையைப் பற்றி ஒரு சிறுவன் தன் பாட்டிக்கு இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

‘எங்க ஊரில் கங்கம்மா ஜாத்திரை நடந்தது. நிரைய பேர் வந்தாங்க. அம்மாவும் வந்தது. நாங்கள் பொம்மை வாங்கினோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.’

பிழைகளை எண்ணத் தொடங்கினால் நான்கு கிடைக்கும். நான்கையும் திருத்தி அவனிடம் கொடுத்தால், பிழையற்ற ஐந்து வரிகள் கிடைக்கும். அவ்வரிகளில் கங்கம்மாவும் இல்லை, ஜாத்திரையும் இல்லை. எந்த ஊர்த் திருவிழாவுக்கும் அவை பொருந்தும். ஆகவே பேனாவை மூடி வைத்துவிட்டுப் பெற்றோர் கேட்கவேண்டியது வேறு. ‘பாட்டி இந்த ஜாத்திரையைக் கண்டதே இல்லை. கூட்டத்தில் உன் கண்ணில் முதலில் பட்டது எது?’ என்று கேட்க வேண்டும். சிறுவன் சற்று யோசித்து, ‘மாமா புடவை கட்டிக்கொண்டு வந்தாரே, அது!’ என்பான். அவ்விழாவில் ஆடவர் பெண்வேடம் பூண்டு நேர்த்திக்கடன் செலுத்துவதும், நாளுக்கு ஒரு வேடமாக ஊர்வலம் வருவதும் நாம் அறிந்தவை, பாட்டி அறியாதவை. ‘அதை எழுது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். இரண்டாம் முறை அவன் எழுதுவது இவ்வாறு இருக்கக்கூடும்:

‘மாமா மீசையை எடுத்துட்டு அம்மாவோட பச்சைப் புடவையைக் கட்டிக்கிட்டார். தெரு முனையில் நின்ற அவரை நான் யாரோ ஒரு அத்தை என்று நினைத்து ஒதுங்கி வளி விட்டேன். அவர் சிரித்தபோதுதான் தெரிந்தது.’

பிழைகள் இன்னும் உள. ஆயினும் இது கடிதம். முன்னது கட்டுரை நோட்டின் நிழல். இதனைப் பாட்டி அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுவாள். இனி மூன்றாம் முறை அமர்ந்து ‘வளி’யை ‘வழி’யாக்குவதிலும், ‘எடுத்துட்டு’ என்பதை ‘எடுத்துவிட்டு’ என்று ஏட்டு வழக்காக்குவதிலும் பொருள் உண்டு. பிள்ளைக்கும் அப்போது அதில் விருப்பம் உண்டாகும். ஏனெனில் காப்பாற்றத் தகுந்த ஒன்று அவன் கையில் இருக்கிறது.

இம்முறையில் பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்விகளை நாம் புதிதாக இயற்ற வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்து வைத்திருக்கிறார். அவரை நூல் செய்வித்த சீயகங்கன் நமக்கு அயலாரும் அல்லன். சித்தூருக்கு மேற்கே அடுத்துள்ள கோலாரைத் தம் குலத்தலைநகராகக் கூறிக்கொண்ட கங்கர் வழியினன். பள்ளியில் இவ்விருபதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்து மறந்தவர்கள் நாம். மனப்பாடப் பகுதியாக வைத்ததனாலேயே அவற்றின் பயன் கெட்டது என்பது என் கருத்து. அவை எழுதி முடித்தவன் தன் ஏட்டின் மீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கவேண்டிய உரைகற்கள்.

சிறுவனின் முதற்கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நிறையப் பேர் வந்தார்கள்’ என்று நிறுத்தியது குன்றக் கூறல். யார் வந்தனர், என் வேடத்தில் வந்தனர் என்பது குன்றிப்போயிற்று. பொம்மை வாங்கியதையே பத்து வரிக்கு நீட்டியிருந்தால் அது மற்றொன்று விரித்தல். ‘மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்னும் முடிவு இருக்கிறதே, அதற்கு நன்னூலார் வைத்த பெயர் சென்று தேய்ந்து இறுதல். நம் பள்ளிக் கட்டுரைகளிற் பாதிக்குமேல் இவ்வாறே தேய்ந்து இறுகின்றன. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன், நம் சங்க ஆண்டறிக்கைகளும் அவ்வாறே. கூறியது கூறலைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துவிடுவர். உரக்கப் படிக்கச் செய்தாற் போதும், நாவே தட்டிக் கொடுக்கும். அழகுகளுள் விளங்கு உதாரணத்தது ஆதல் என ஒன்றுண்டு. மாமாவின் மழித்த மீசை அவ்வுதாரணம். பத்தையும் ஒரே நாளில் கேட்கலாகாது என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும். ஒரு கடிதத்திற்கு ஒரு குற்றம், ஓர் அழகு என்னும் அளவிற் கொள்வதே நலம்.

பெரியோர் எழுத்தெல்லாம் ஒரே வீச்சில் பிறந்தது என்னும் எண்ணம் பிள்ளைகளிடம் உண்டு. நாமும் ஆசுகவிகளின் கதைகளையே சொல்லி அவ்வெண்ணத்தை வளர்க்கிறோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுட்களை வாயாற் சொல்லிக்கொண்டே போவார், மாணாக்கர் ஏட்டில் எழுதுவர் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருப்பதை வியந்து பேசுவோம். அவ்வாறு எழுந்த நூல்களும் அரங்கேற்றத்தில் பகுதி பகுதியாகப் படிக்கப்பட்டு, கேட்போர் வினாக்களுக்கு ஆட்பட்டே நிலைபெற்றன என்பதைப் பேசுவதில்லை. அரங்கேற்றம் என்பதை இன்று நாட்டியத்திற்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டோம். நூல் அரங்கேறுவது என்றால் மாலை மரியாதை மட்டும் அன்று. அது அவையோர் தடை எழுப்புவதற்கும் ஆசிரியன் விடை சொல்வதற்கும் உரிய இடம்.

சாமிநாதையரின் சொந்த வரலாறே இதற்குத் தக்க சான்று. சீவக சிந்தாமணியை அவர் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார். தமிழுலகம் கொண்டாடிற்று. வேறொருவராயின் அத்துடன் அந்நூலை மூடிவைத்திருப்பர். ஐயரோ பின்னர்க் கிடைத்த ஏடுகளையும், பிற நூல்களை ஆராய்ந்தபோது தெளிந்தவற்றையும் கொண்டு 1907இல் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் கொணர்ந்தார். முப்பத்திரண்டு வயதில் வெளியிட்ட நூலை அறுபத்தேழு வயதிலும் திருத்திக்கொண்டிருந்தவர் அவர். இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், தங்கள் கடிதத்தை இரண்டாம் முறை எழுதச் சொல்வது தண்டனை அன்று என்று உணர்வர்.

நம் பகுதியிலேயே நிகழ்ந்த ஒன்றும் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு 1919ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இரவீந்திரநாத் தாகூர் வந்து, அங்குள்ள கல்லூரியிற் சில நாள் தங்கினார். அக்கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் அயர்லாந்துக் கவிஞர். அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ் இசை வல்லவர். 1911ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசில் முதன்முறை பாடப்பெற்ற ‘ஜன கண மன’ பாடலைத் தாகூர் ஆங்கிலத்தில் மறுபடியும் ஆக்கித் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தது அங்கேதான். அதன் மெட்டைச் சுரப்படுத்தும் பணியும் மார்கரெட் அம்மையாரின் துணையோடு அங்கு நிகழ்ந்தது. தம் பாடலையே வேறொரு மொழியில் மீண்டும் எழுதுதல் திருத்தத்தினும் கடியது. இரு மொழிக்கிடையே வளரும் நம் பிள்ளைகளுக்கு அச்செயல் அயலானது அன்று. அத்தாகூர் தம் கையெழுத்துப் படிகளில் வேண்டாத சொற்களை அடித்துவிட்டு, அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் வரைந்துவிடும் வழக்கமுடையவர். ‘பூரபி’ என்னும் கவிதைத் தொகுதியின் கையெழுத்துப் படி 1924இல் அவ்வாறே ஓவியங்களால் நிரம்பியது. அவர் பிற்காலத்தில் ஓவியராகப் பெயர் பெற்றதற்கு அடித்தல் திருத்தலே வித்து எனலாம். அடித்தல் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர்கள் அப்படியைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொருளும் திருமலையில் இருக்கிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டுக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் கிடந்து, 1922ஆம் ஆண்டு வெளிச்சத்திற்கு வந்தன. செம்பில் வெட்டியதை அழிக்க இயலாது. செம்புக்குச் செல்லுமுன் பாடல் வாயிலும் ஓலையிலும் பலகாலும் பழகியிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நம் பிள்ளைகளுக்கோ முதல் எழுத்தையே செம்பில் வெட்டுமாறு கட்டளையிடுகிறோம். அடித்தல் கூடாது, திருத்தல் கூடாது, தேர்வுத்தாள் தூய்மையாக இருக்க வேண்டும்! சிலேட்டுப் பலகை இருந்த காலத்தில் இத்துன்பம் குறைவு. எச்சில் தொட்டு அழிப்பதைப் பெரியவர்கள் கண்டித்தனரேயன்றி, அழிப்பதையே கண்டித்தாரில்லை.

சிலேட்டின் அருமையை மீண்டும் உணர்த்தியதும் மதனப்பள்ளியை அடுத்த ஒரு பள்ளியே. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு இணைந்த ரிஷி வேலிப் பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களில், பத்மநாபராவ், ரமா என்னும் இணையர் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை உருவாக்கினர். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து ஏணிபோல் அமையும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறும். ஒரு படியில் தவறினால் தண்டனை இல்லை. அதே பொருளை வேறு வகையிற் பயிலும் துணை அட்டை உண்டு. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு வந்து இதனைக் கண்டு சென்றனர். 2003ஆம் ஆண்டு அங்கே 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளுள் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அமைத்ததும், பிள்ளைகள் ஆக்கியவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டியதும் அத்திட்டத்தின் சிறப்புகள். பின்னாளில் அத்திட்டத்திற்குப் பதில் வேறு திட்டங்கள் வந்தன. அதன் குறைகளைப் பற்றியும் ஆசிரியர்கள் பேசியதுண்டு. எழுதுவதற்கும் அழிப்பதற்கும் ஓர் இடம், முடித்ததை ஊரார் காண ஓர் இடம் என்று இரண்டையும் வேறுபடுத்தியது மட்டும் ஒருநாளும் பழையதாகாது. வீட்டுச் சுவரில் இரண்டடிக் கரும்பலகை ஒன்று மாட்டுவதற்கு அரசாணை வேண்டுவதில்லை.

வெளிநாட்டார் இத்துறையில் எண்ணிக்கையோடு ஆராய்ந்திருக்கின்றனர். ‘இலக்கணம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் எழுத்து தானே வரும்’ என்பது நம்மவர் பலரின் உறுதியான நம்பிக்கை. இலக்கண விதிகளைத் தனிப்பாடமாகக் கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை என்று 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆசிரியர் குழு ஒன்று அறிவித்தது. ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் ஆகிய இருவர் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வெளியிட்ட அறிக்கையும் அதனையே உறுதிசெய்தது. திட்டமிடுதல், எழுதுதல், திருத்துதல் ஆகிய வழிமுறைகளைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் செய்துகாட்டிக் கற்பிப்பதே மிகுந்த பயன் தந்தது என அவ்வறிக்கை கூறுகிறது. அவை ஆங்கிலம் பற்றிய ஆய்வுகள். தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. சந்தி விதியை அறியாமல் தமிழ் எழுத முடியாது என்போருடன் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆயினும் அவ்விதியைப் பிள்ளை எழுதிய ‘பச்சைப் புடவை’யில் வைத்துச் சொன்னால் ஒற்று மிகுவது மனத்திற் பதியும், நூற்பாவில் வைத்துச் சொன்னால் தேர்வு முடியுமட்டும் பதியும்.

மதிப்பெண் பற்றியும் ஒரு செய்தி. இசுரேல் நாட்டில் ரூத் பட்லர் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்புரை மட்டும், மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் அளித்துப் பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண்ணைக் கண்டதும் எழுத்தைப் படிப்பதை விட்டுவிடுவது மனித இயல்பு போலும். வீட்டில் எழுதும் தமிழுக்கு எண் எதற்கு?

இவ்விடத்தில் நம் சங்கங்கள் நடத்தும் கட்டுரைப் போட்டிகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பொங்கலுக்கு முன்பு தலைப்பு அறிவிக்கிறோம். தாய் எழுதித் தருகிறாள். பிள்ளை மனப்பாடம் செய்து அவையில் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் எழுதுகிறான். எவர்சில்வர் தட்டு ஒன்று பரிசாக வீட்டிற்கு வருகிறது. இன்று தாய்க்கும் அவ்வேலை இல்லை. கைப்பேசியிடம் கேட்டால் அரை நிமிடத்திற் கட்டுரை கிடைத்துவிடுகிறது. அவ்வாறு கிடைப்பதில் எழுத்துப்பிழை அருகியே இருக்கும். மாமாவின் மீசையும் இராது. இத்தகைய போட்டிகளைத் தொடர்வதிற் பயனொன்றும் இல்லை. மாற்று வழி எளிது. பிள்ளை தன் முதற்படியையும் இரண்டாம் படியையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். இரண்டிற்கும் இடையே அவன் எதனைச் சேர்த்தான், எதனை எடுத்தான், ஏன் எடுத்தான் என்று நடுவர்கள் கேட்கட்டும். பரிசு அவ்விடையைப் பொறுத்ததாகட்டும்.

திங்களுக்கு ஒருமுறை நாம் கூடும் கூட்டத்தில் அரைமணி நேரத்தைப் பிள்ளைகளின் அரங்கேற்றத்திற்கு ஒதுக்கலாம். ஒரு பிள்ளை தான் எழுதியதைப் படிக்கும். கேட்போர் இரண்டே வகையான சொற்களைச் சொல்லலாம்: ‘எனக்கு இது கண்ணில் தெரிந்தது’ என்பதொன்று, ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்பது மற்றொன்று. ழகர உச்சரிப்பைப் பற்றி உரையாற்றும் பெரியவர்களை அந்த அரைமணி நேரம் மட்டும் தேநீர் அருந்த அனுப்பிவிடலாம். பிள்ளைகளே பிள்ளைகளுக்கு அதங்கோட்டாசானாக இருப்பர். பெரியவர்களைவிட அவர்கள் கண்டிப்பானவர்கள். திருப்பதிப் பல்கலைக்கழகத்திலும், குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். அவர்களில் ஓரிருவர் வந்து, தம் ஆய்வேட்டின் அடித்தல் திருத்தல் நிறைந்த பக்கம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அது பத்துச் சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

வீட்டிற்கு வேண்டுவன மிகச் சில. ஒரு கோடிட்ட நோட்டு. அதில் வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கம் திருத்தத்திற்கு வெறுமையாக விடல் வேண்டும். எழுதிய அன்றே திருத்தலாகாது. இரண்டு நாள் கிடக்கட்டும். புளித்த மாவிலேதான் தோசை வரும் என்பது நம் தாய்மார் அறியாததன்று. பின்னர்ப் பிள்ளை உரக்கப் படிக்க, தந்தையோ தாயோ பேனா இல்லாத கையோடு கேட்க வேண்டும். கேள்விகள் இரண்டிற்கு மேற்போகலாகாது. அதன் பிறகே எழுத்துப்பிழை. அதிலும் ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை. இவ்வாரம் றகர ரகரம் என்றால் இவ்வாரம் னகரத்தை மன்னித்துவிட வேண்டும். பெற்றோருக்கே தமிழ் எழுதத் தெரியாத வீடுகளும் நம்மிடையே உண்டு. தெலுங்கு நாட்டிலேயே பிறந்து படித்த தந்தையர் பலர். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. ‘பாட்டிக்கு இது விளங்குமா?’ என்று கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டா. பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் ஓரிரு வரி எழுதத் தொடங்கினால் வீட்டில் மாணாக்கர் இருவராவர்.

யாருக்கு எழுதுவது என்பதும் முதன்மையானது. ஒருவரும் படிக்கப்போகாத கட்டுரையைத் திருத்து என்றால் எந்தப் பிள்ளையும் திருத்தாது, நாமும் திருத்தமாட்டோம். டாக்டர் மு. வரதராசனார் தம் கருத்துகளை அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு எனக் கடித வடிவிலேயே நூல்களாக்கியதற்கும், நேரு பெருமகனார் 1928ஆம் ஆண்டில் தம் மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் தொடங்கியதற்கும் காரணம் ஒன்றே: எதிரே ஒரு முகம் இருந்தால் சொல் தானே தெளிகிறது. ஊரில் நம் ஒவ்வொருவருக்கும் அத்தகைய முகம் ஒன்றேனும் உண்டு. அங்கேயுள்ள பாட்டியையும் அத்தையையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்: கடிதம் கிடைத்ததும் தொலைபேசியில் ‘கிடைத்தது, நன்றாயிருக்கிறது’ என்று சொல்லி முடித்துவிடாமல், விளங்காத இரண்டு இடங்களைக் குறித்துப் பதிற்கடிதம் எழுதுமாறு. ‘உன் மாமா எதற்காக மீசையை எடுத்தார்? என்ன வேண்டுதல்?’ என்று பாட்டி எழுதிக் கேட்டால், சிறுவன் மாமாவிடம் போய்க் கேட்டாக வேண்டும். மாமா சொல்லும் விடை தெலுங்கும் தமிழும் கலந்ததாக இருக்கும். அதனைப் பாட்டிக்கு விளங்கும் தமிழில் எழுத அவன் மறுபடியும் நோட்டை விரித்தாக வேண்டும்.